குவாதலூப்பே மாதா: பழங்குடி மக்கள் அவங்களை ஏன் தங்கள் அம்மான்னு சொல்றாங்க?

"குவாதலூப்பே மாதா காட்சிங்கிறது பழங்குடி மக்களை மதம் மாத்துறதுக்காக ஸ்பானியர்கள் கட்டிவிட்ட கதைதானே, அப்புறம் ஏன் அந்த மக்களே இன்னிக்கு வரைக்கும் இப்படி உருகுறாங்க"ன்னு கேட்டிருக்கீங்க. மெக்சிகோவுல ஹுவான் தியேகோங்கிற பழங்குடி ஆளுக்கு 1531ல மாதா காட்சி கொடுத்தாங்கங்கிற கதைதான் இது. கேள்வியோட முதல் பாதிக்கு சட்டுன்னு பதில் சொல்லிடலாம். மதம் மாத்த வந்த துறவிகள்ல முக்கியமான சில பேருக்கு இந்த பக்தி பிடிக்கவே இல்ல, எதிர்த்து பிரசங்கமே வெச்சாங்க, அதனால ஒரே அடியா "கட்டிவிட்ட கதை"ன்னு முடிச்சிட முடியாது. ரெண்டாவது பாதிக்கு அப்படி சுருக்கமா பதில் வராது, அந்தக் கதை எந்த மொழில, யார் வாயில இருந்து வருதுன்னு பார்க்கணும், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

மொதல்ல அந்த நேரம் எப்படி இருந்துச்சுன்னு மனசுல வாங்கிக்கணும். 1521 ஆகஸ்ட் 13ல தெனோச்தித்லான் விழுந்துச்சு, ஏரிக்கு நடுவுல இருந்த அஸ்டெக் தலைநகரம், இன்னிக்கு மெக்சிகோ சிட்டி நிக்கிறது அதுக்கு மேலதான். ஸ்பானியத் தளபதி கொர்தேஸோட படை மட்டும் அதை சாய்க்கல, அஸ்டெக்குகள் மேல பல வருஷக் கோவத்துல இருந்த த்லாஷ்கலா மாதிரி உள்ளூர் மக்களும் கூட வந்தாங்க, அதுக்கு முந்தின வருஷமே பெரியம்மை பூந்து வீடு வீடா ஆளுங்களை வாரிட்டுப் போயிடுச்சு. கோயில் இடிஞ்சுது, பூசாரிங்க போயிட்டாங்க, ராஜா இல்ல. 1524ல பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் 12 பேர் வந்து இறங்கினாங்க. அவங்களுக்கும் அஸ்டெக் பெரியவங்களுக்கும் நடந்த பேச்சைப் பின்னாடி சாகுன்ங்கிற துறவி அஸ்டெக் மக்களோட நாவாட்டல் மொழில எழுதி வெச்சாரு, அதுல அந்தப் பெரியவங்க சொல்றதா வருது, எங்க தெய்வங்களே செத்துப்போச்சுன்னா எங்களையும் சாக விடுங்கன்னு. எனக்கு எப்பப் படிச்சாலும் நெஞ்சு அடைக்கிற இடம் அது. நாடு போறது ஒரு விஷயம், சாமியே நம்மளை விட்டுட்டுப் போயிடுச்சுன்னு ஒரு ஜனம் முழுசும் நினைக்கிறது வேற விஷயம்.

1528ல ஆயரா வந்தவர் ஹுவான் தெ சுமாராகா, அவரும் பிரான்சிஸ்கன்தான், "இந்தியர்களின் பாதுகாவலர்"ங்கிற பட்டமும் அவருக்கு உண்டு (அங்க இருந்த பழங்குடி மக்களைத்தான் ஸ்பானியர்கள் இந்தியர்னு சொன்னாங்க). அப்ப நிர்வாகத்துல இருந்த நூனியோ தெ குஸ்மான் கோஷ்டி மக்களை அடிமையா வித்து, வரின்னு பிழிஞ்சு எடுத்துட்டு இருந்துச்சு. 1529ல சுமாராகா அதை எல்லாம் எழுதி ஸ்பெயின் ராஜாவுக்கு லெட்டர் போட்டாரு, லெட்டரை வழியிலேயே பிடிச்சிடுவாங்கன்னு ரகசியமாத்தான் அனுப்ப வேண்டியிருந்துச்சு. ஆயருக்கே அந்த நிலைமைன்னா சாதாரண சனத்தோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

இந்த சூழ்நிலைலதான் கதை நடக்குது. 1531 டிசம்பர் 9, சனிக்கிழமை விடியக்காலை. ஹுவான் தியேகோ, பழைய பேர் குவாவ்த்லாதோவாட்சின், கழுகு மாதிரி பேசுறவன்னு அர்த்தம் சொல்வாங்க. மரபுப்படி அப்ப 57 வயசு, பொண்டாட்டி செத்து ரெண்டு வருஷம், பூசைக்காக நடந்து போயிட்டு இருக்காரு. நகரத்துக்கு வெளில இருந்த தெப்பெயாக் குன்று பக்கம் வரும்போது மேல இருந்து பறவைங்க பாட்டு கேக்குது, கேட்டுட்டே நிக்கிறாரு, பாட்டு நிக்குது, யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க, "ஹுவான்ட்சின், ஹுவான் தியேகோட்சின்"னு.

இந்த "ட்சின்"ல தான் பாதி விஷயம் இருக்கு. நாவாட்டல்ல பேருக்குப் பின்னாடி ட்சின் போட்டா மரியாதையும் வரும், செல்லமும் வரும், ரெண்டும் ஒரே ஒட்டுல. பிரபுக்களுக்குப் போடுற ஒட்டு, பெத்தவங்க பிள்ளைக்குப் போடுற ஒட்டு. பத்து வருஷமா அந்த ஊர்ல ஒரு வெள்ளைக்காரன் இவரை மாதிரி ஆளை அப்படிக் கூப்பிட்டிருப்பானா? அடுத்து, கூப்பிட்ட அந்தம்மா (மாதாதான்) அவரைக் கூப்பிடுற வார்த்தை "நோஷோகொயோவ்", இதை ஸ்பானிஷ்ல, இங்கிலீஷ்ல எல்லாம் "என் கடைசி மகனே", "சின்ன மகனே"ன்னு என்னென்னமோ மொழிபெயர்க்கிறாங்க, தமிழ்ல மட்டும் கஷ்டமே இல்ல, நம்மகிட்ட அதே வார்த்தை இருக்கு, கடைக்குட்டி. இன்னும் அழகு என்னன்னா அவரும் அந்தம்மாவை அப்படியே திருப்பிக் கூப்பிடுறாரு, என் மகளே, கடைக்குட்டியேன்னு. நம்ம ஊர்ல பெரியவங்க ஒரு சின்னப் பொண்ணை "வா தாயி", "சொல்லும்மா"ன்னு கூப்பிடுற மாதிரி, நாவாட்டல் மரியாதைப் பேச்சுலயும் முறையை மாத்திப் போட்டுக் கூப்பிடுறது பழக்கம். மொழிபெயர்ப்புல மட்டும் படிக்கிறவங்களுக்கு இது விசித்திரமா தெரியும், நமக்குத் தெரியாது.

தன்னை யாருன்னு சொல்லும்போது மரியா, கடவுளோட தாய்ன்னு சொல்றதோட அந்தம்மா நிறுத்தல. இப்பல்நெமோவானி, அதாவது யாரால நாம உயிர் வாழுறோமோ அவர், த்லோக்கே நாவாக்கே, பக்கத்துலயும் சுத்திலும் இருக்கிறவர், இப்படி ஸ்பானியர் வர்றதுக்கு முன்னாடியே அந்த மக்கள் கடவுளுக்குச் சொல்லிட்டு இருந்த பேரா சொல்லி, அவரோட தாய் நான்ங்கிறாங்க. (நம்ம ஊர்ல பழைய கத்தோலிக்கர்கள் ஜெபத்துல "சர்வேசுரன்"னு சொன்னது ஞாபகம் வருது, அதே வழிதான்.) நீங்க கும்பிட்டதெல்லாம் பேய்ன்னு துறவிகள் சொல்லிட்டு இருந்த நேரத்துல, நீங்க தேடினவரோட அம்மாதான் நான்னு ஒரு குரல் வந்தா அது எப்படி விழுந்திருக்கும்!

அந்தம்மா கேட்டது ஒண்ணுதான், இந்தக் குன்றுல எனக்கு ஒரு கோயில், இங்க இருக்கிறவங்க அழுகையைக் கேக்க, அவங்க கஷ்டத்தை ஆத்த. போய் ஆயர்கிட்ட சொல்லுன்னாங்க. போனாரு, காக்க வெச்சாங்க, ஆயர் நம்பல, இன்னொரு நாள் வா பார்க்கலாம்னு அனுப்பிட்டாரு. அன்னிக்கு சாயங்காலமே திரும்பி வந்து அந்தம்மாகிட்ட அவர் சொல்றது இருக்கே, அதுதான் கதைலயே பெரிய இடம்னு எனக்குப் படுது. யாராவது பெரிய மனுஷனை, பேர் தெரிஞ்சவனை அனுப்புங்க, நான் சும்மா ஒரு சுமைக்கயிறு, முதுகுல சுமை கட்டுற சட்டம், ஒரு வால், ஒரு சிறகுங்கிறாரு. வாலும் சிறகும்னா நாவாட்டல்ல குடிமக்கள், தலைவனுக்குப் பின்னாடி வர்ற சனம். ஜெயிச்சவன் தன்னைப் பார்க்கிற பார்வையிலேயே தன்னையும் பார்க்கப் பழகிட்ட மனுஷனோட பேச்சு அது. அதுக்கு அந்தம்மா நீ அப்படி இல்லப்பா பெரிய ஆளுன்னு எல்லாம் ஆறுதல் சொல்லல. எனக்கு அனுப்புறதுக்கு ஆள் நிறைய இருக்காங்க, ஆனா நீதான் போகணும், உன் கையாலதான் இது நடக்கணும்னு சொல்றாங்க. ஆறுதலை விட இது பெருசு.

ஞாயித்துக்கிழமை திரும்பப் போறாரு, ஆயர் அடையாளம் கேக்குறாரு. திங்கக்கிழமை போக முடியல, மாமா ஹுவான் பெர்னார்தினோவுக்கு கொள்ளைநோய் கண்டு சாகக் கெடக்குறாரு. செவ்வாய்க்கிழமை 12ம் தேதி இருட்டோட, சாமியாரைக் கூட்டிட்டு வரக் கிளம்புறவர் என்ன பண்றாருன்னா, வழக்கமான வழில போனா அந்தம்மா பிடிச்சு நிறுத்திடுவாங்க, லேட் ஆகிடும்னு குன்றோட மறுபக்கம் சுத்திப் போறாரு. அந்தம்மா சரிவுல இறங்கி வந்து, எங்க போறன்னு குறுக்க நிக்கிறாங்க. இவர் சங்கடத்துல, நல்லாத் தூங்கி எழுந்தீங்களாம்மா, உடம்பு சௌக்கியமான்னு குசலம் விசாரிக்கிறாரு! அப்பதான் அந்த வாக்கியம் வருது, "உன் அம்மா நான் இங்க இல்லையா?" என் நிழல்ல நீ இல்லையா, என் முந்தானை மடிப்புக்குள்ள, என் கை வளைவுக்குள்ள நீ இல்லையா, வேற என்ன வேணும் உனக்குன்னு. இன்னிக்கு மெக்சிகோ சிட்டில இருக்கிற இந்த மாதாவோட பெருங்கோயில், பசிலிக்கா, அதோட வாசலுக்கு மேல ஸ்பானிஷ்ல அதைத்தான் எழுதி வெச்சிருக்காங்க. ஜெபம் பண்ணிட்டு இருந்தவனுக்குக் கிடைச்ச பதில் இல்ல அது, மாமா சாகுறாரேன்னு பயத்துல கண்ணுல படாம ஒதுங்கி ஓடினவனைத் தேடி வந்து சொன்னது.

மாமா பிழைச்சாரு. இவர் குன்று உச்சிக்குப் போனா டிசம்பர் குளிர்ல, கள்ளியும் முள்ளும் மட்டும் முளைக்கிற இடத்துல, ஸ்பெயின் ரோஜா பூத்துக் கெடக்குது. கற்றாழை நார்ல நெய்த மேல்துண்டு, தில்மான்னு சொல்வாங்க, அதுல அள்ளிட்டுப் போய் ஆயர் முன்னாடி விரிக்கிறாரு, பூ கொட்டுது, துணில அந்தம்மா உருவம் பதிஞ்சிருக்கு, ஆயர் மண்டி போடுறாரு. இங்க ஒண்ணு கவனிங்க, நாவாட்டல் கவிதைல "பூவும் பாட்டும்"னு சேர்த்துச் சொன்னா அதுக்கு உண்மை, கவிதை, இந்த மண்ணுல மனுஷனால கடவுளைத் தொட முடிஞ்ச ஒரே வழின்னு ஆழமான அர்த்தம் உண்டு. கதை பறவைப் பாட்டுல ஆரம்பிச்சு பூவுல முடியுது. இதை எழுதினவர் யாரா இருந்தாலும் அந்த மொழிக்குள்ளேயே வாழ்ந்தவர்ங்கிறதுல எனக்கு சந்தேகம் இல்ல.

படத்தைப் பத்தி கொஞ்சமா சொல்லிடுறேன், நிறைய பேர் இதையேதான் எழுதுறாங்க. மாநிறம், அதனாலதான் செல்லமா "லா மொரெனீத்தா", கருப்பழகின்னு வெச்சுக்கலாம். பச்சையும் நீலமும் கலந்த மேலாடை, அந்த நிறம் அஸ்டெக் ராஜாக்களுக்கு உரியது. இடுப்புல கருப்பு நாடா, வயித்துல பிள்ளை இருக்குன்னு அடையாளம்ங்கிறாங்க. சூரியக் கதிர் பின்னாடி, நிலா காலுக்குக் கீழ, இது பைபிள்ல திருவெளிப்பாடு 12ம் அதிகாரத்துப் பெண் மாதிரியும் இருக்கு, சூரியனையும் நிலாவையும் கும்பிட்ட சனத்துக்கு வேற மாதிரியும் பேசும். ஆனா இதுல அன்னிக்கு மக்களே இப்படிப் படிச்சது எவ்ளோ, பின்னாடி வந்தவங்க ஏத்திச் சொன்னது எவ்ளோன்னு பிரிச்சுத்தான் பார்க்கணும். நாசா ஆராய்ச்சி பண்ணிச்சுன்னு வாட்ஸ்அப்ல சுத்துறதை தயவுசெஞ்சு ஃபார்வர்ட் பண்ணாதீங்க, இந்த மாதாவுக்கு அந்த சர்டிபிகேட் தேவையே இல்ல.

இப்ப உங்க சந்தேகத்துக்கு வர்றேன், அதை மழுப்பக் கூடாது. 1531ல நடந்ததைப் பத்தி அந்த வருஷத்துலயே எழுதின ஆவணம் நம்ம கைல இல்ல. சுமாராகா எழுதி நமக்குக் கிடைச்சிருக்கிற எதுலயும் இது வரல. அச்சுல மொதல்ல வந்தது 1648ல, மிகேல் சான்செஸ்ங்கிற சாமியார் ஸ்பானிஷ்ல போட்ட புத்தகம், அடுத்த வருஷமே 1649ல லூயிஸ் லாசோ தெ லா வேகா நாவாட்டல்ல போட்டாரு, நான் மேல சொன்ன உரையாடல் எல்லாம் அதுல வர்ற "நிக்கான் மோபோவா"ங்கிற பகுதில இருந்துதான். "இங்கே எடுத்துச் சொல்லுது"ன்னு ஆரம்பிக்கிறதால அந்தப் பேர். அதை முன்னாடியே, 16ம் நூற்றாண்டுலயே, அந்தோனியோ வலெரியானோங்கிற, நாவாட்டல் பேசுற நாவா இனத்து அறிஞர் எழுதினதுன்னு ஒரு மரபு உண்டு, இல்லன்னு சொல்ற வரலாற்று ஆளுங்களும் உண்டு. அந்த பசிலிக்காவோட அதிபரா இருந்த சூலென்பர்க்கே ஹுவான் தியேகோ ஒரு அடையாளம்தான், நிஜ ஆள் இல்லன்னு சொல்லி, பெரிய சத்தமாகி 1996ல பதவியை விட்டுப் போனாரு.

ஆனா 1550கள்லயே தெப்பெயாக்ல கோயில் இருந்துச்சு, கூட்டம் போச்சு, இதுக்கு சாட்சி எதிர்த்தவங்களே. 1556 செப்டம்பர் 8ல பிரான்சிஸ்கன் தலைவர் பிரான்சிஸ்கோ தெ புஸ்தமான்தே மேடைல நின்னு, இது மார்க்கோஸ்ங்கிற இந்தியன் வரைஞ்ச படம், இதைப் போய் கும்பிட விட்டா இவ்ளோ நாள் நாங்க சொல்லிக் கொடுத்ததெல்லாம் வீணாப்போகும்னு கோவமா பிரசங்கம் வெச்சாரு, பேராயர் மொந்தூஃபார் பக்தியை வளர்க்கிறாருங்கிற எரிச்சல்ல. இருபது வருஷம் கழிச்சு சாகுன் அதே புலம்பல் புலம்புறாரு, அந்த இடத்துல முன்னாடி தோனான்ட்சின் கோயில் இருந்துச்சு, இப்ப மாதாவையும் அதே பேர்ல கூப்பிட்டுட்டு இருபது லீக்குக்கும் (அந்தக் காலத்து தூர அளவு) மேல தூரத்துல இருந்து வர்றாங்க, யாரைக் கும்பிட வர்றாங்கன்னே தெரியலன்னு. தோனான்ட்சின்னா "நம்ம அம்மா", அதே ட்சின் ஒட்டு. தெய்வத்தோட பட்டம் அது, மாதாவுக்கும் பொருந்துற வார்த்தை. சாகுனுக்குப் பயமா பட்டது, மக்களுக்கு வீடாப் பட்டுச்சுன்னு நினைக்கிறேன். பழைய அம்மாவை விட்டுட்டு புது அம்மாகிட்ட வந்தாங்களா, பழைய அம்மாவே புதுப் புடவைல வந்தாங்களான்னு நாம வெளில இருந்து தீர்ப்பு சொல்ல முடியாது, ஒரே குடும்பத்துல ரெண்டு விதமாவும் நம்பியிருப்பாங்க.

இன்னொரு உண்மையையும் சொல்லணும். காட்சி நடந்த உடனே லட்சக்கணக்குல ஞானஸ்நானம் வாங்கினாங்கன்னு பல இடத்துல எழுதுறாங்க. அந்தக் காலத்துல கூட்டம் கூட்டமா ஞானஸ்நானம் நடந்தது நிஜம், மொதொலினீயாங்கிற துறவி அதைப் பெருமையா எழுதியிருக்காரு, ஆனா அதுக்கு அவர் குவாதலூப்பேயைக் காரணமா சொல்லவே இல்ல. 1600கள்ல இந்த பக்தியைத் தூக்கிப் பிடிச்சதுல பெரிய பங்கு மெக்சிகோவுல பொறந்த ஸ்பானிய வம்சாவளி ஆளுங்களுக்கு, கிரியோல்னு சொல்வாங்க, எங்க மண்ணுக்கும் ஒரு மாதான்னு அவங்களுக்கு ஒரு பெருமை. 1737ல கொள்ளைநோய் வந்தப்ப மெக்சிகோ நகரத்துக்குப் பாதுகாவலியா அறிவிச்சாங்க, 1754ல பாப்பரசர் 14ம் பெனடிக்ட் அந்த நாடு முழுசுக்கும் பாதுகாவலின்னு உறுதி பண்ணினாரு. தூரத்துப் பழங்குடி ஊருங்களுக்கு பக்தி பரவினது கொஞ்சம் கொஞ்சமா, 1700கள்ல வேகம் எடுத்து. 1810ல இடால்கோ சாமியார் சுதந்திரப் போருக்கு மக்களைத் திரட்டினப்ப அதோதோனில்கோ கோயில்ல இருந்து எடுத்துட்டுப் போன கொடி இந்த மாதா படம். 1914ல மெக்சிகோ புரட்சித் தலைவர் சபாத்தாவோட விவசாயிப் படை மெக்சிகோ சிட்டிக்குள்ள நுழைஞ்சப்ப தொப்பில செருகியிருந்ததும் இதே படம்.

திருச்சபை இதை ஏத்துக்கிச்சுங்கிறது எவ்ளோ பெரிய விஷயம்னு புரியணும்னா, ஏத்துக்காத ஒரு காட்சியைப் பார்க்கணும். 1712, மெக்சிகோவோட தெற்குல இருக்கிற சியாபாஸ் மலைல கான்குக்ங்கிற செல்தால் மாயா ஊர். மரியா லோபஸ்னு ஒரு பதின்ம வயசுப் பொண்ணு, மாதா எனக்குக் காட்சி கொடுத்தாங்க, இங்க கோயில் கட்டச் சொன்னாங்கன்னு சொல்றா. கேட்டது தெப்பெயாக்ல கேட்ட அதே விஷயம். ஊர் மக்கள் கோயில் கட்டிட்டாங்க, சாமியார் அதைப் பொய்ன்னுட்டாரு, போய் அனுமதி கேட்டவங்களை ஜெயில்ல போட்டாங்க. ஏற்கனவே வரிக்கு மேல வரி, ஆயர் ஊர் சுத்திப் பார்க்க வர்ற செலவும் இவங்க தலைலதான். "மாதாவோட சிப்பாய்கள்"னு பேர் வெச்சு இருபதுக்கு மேல ஊருங்க சேர்ந்து எழுந்தாங்க, இனி ராஜாவும் இல்ல, வரியும் இல்லன்னு, தாங்களே ஆளைத் தேர்ந்தெடுத்து பூசை வைக்க ஆரம்பிச்சாங்க, அவங்க பக்கமும் கொலைகள் நடந்துச்சு. நவம்பர்ல படை வந்து கான்குக்கைப் பிடிச்சுது, தலைவர்களைக் கொன்னாங்க, அந்தப் பொண்ணு காட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சு சில வருஷத்துல பிரசவத்துல செத்துட்டா. அவளுக்குக் கோயில் இல்ல, திருவிழா இல்ல. ரெண்டு கதையையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா எனக்கு மனசு தாங்காது. ஹுவான் தியேகோ கதைல ஆயர் கடைசில மண்டி போடுறாரு, கான்குக்ல யாரும் போடல. ஒரு பழங்குடி ஆள் வாயால வந்த செய்தியை ஆயர் கேட்டு, நகரத்தை விட்டுட்டு குன்றுக்கு அவர் வர்றாருங்கிறதுதான் அந்தக் கதையோட நெஞ்சு. அது நிஜத்துல அபூர்வமா நடந்ததாலதான் மக்கள் அதை இவ்ளோ இறுக்கிப் பிடிச்சிருக்காங்க.

2002 ஜூலை 31ல இரண்டாம் ஜான் பால் மெக்சிகோவுக்கே வந்து ஹுவான் தியேகோவைப் புனிதரா அறிவிச்சாரு, அமெரிக்கக் கண்டங்கள்ல இருந்து முதல் பழங்குடிப் புனிதர். பசிலிக்காவுக்குள்ள இறகுத் தலைப்பாகையோட ஆடினாங்க, நாவாட்டல்ல வாசகம் வந்துச்சு. ஆனா அன்னிக்கு வெச்ச படத்துல அவருக்கு வெள்ளைக்கார முகம், அடர்த்தியான தாடி, எங்க ஆளை எங்க ஆளாவே காட்டக் கூடாதான்னு நிறைய பேர் வருத்தப்பட்டாங்க, அந்த வருத்தம் முழுக்க நியாயம். 2016ல பிரான்சிஸ் பாப்பரசர் வந்தப்ப படத்துக்கு முன்னாடி தனியா ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு, ரெண்டு நாள் கழிச்சு சியாபாஸ்ல சொத்சில், செல்தால் மாதிரி மாயா மொழிகள் கலந்த பூசை வெச்சாரு. கான்குக்ல இருந்து 300 வருஷத்துக்கு மேல ஆகியிருந்துச்சு.

இப்பவும் டிசம்பர் 11 ராத்திரி போனா, ஊர் ஊரா நடந்து வந்தவங்க பசிலிக்கா முற்றத்துல போர்வை விரிச்சுப் படுத்திருப்பாங்க, முதுகுல சட்டம் போட்ட மாதா படத்தைக் கயிறு போட்டுக் கட்டித் தூக்கிட்டு வருவாங்க, நடுராத்திரி பன்னெண்டுக்கு பொறந்தநாள் பாட்டு பாடுவாங்க. 1976ல கட்டின புதுக் கோயில்ல படத்துக்குக் கீழ நகரும் நடைபாதை, நிக்க முடியாது, அது பாட்டுக்கு நகர்த்திட்டே போகும், அதனால இறங்கி சுத்தி வந்து மறுபடி ஏறுவாங்க. முதுகுல படம் கட்டுற அந்தக் கயிறைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு "நான் ஒரு சுமைக்கயிறு"ன்னு அந்த மனுஷன் சொன்னதுதான் ஞாபகம் வரும்.

நேரம் கிடைச்சா நிக்கான் மோபோவாவை ஒரு நல்ல மொழிபெயர்ப்புல படிச்சுப் பாருங்க, சின்னதுதான், ஒரே உக்காருல முடிச்சிடலாம். முழுசாப் படிக்க முடியலன்னா அந்த செவ்வாய்க்கிழமைப் பகுதியை மட்டுமாவது படிங்க, அவர் குன்றைச் சுத்திப் போற இடத்துல இருந்து. படிச்சுட்டு சந்தேகம் இருந்தா கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.